நத்தாரைக் களவெடுத்தது கடைக்காரன் இல்லை

ஒவ்வொரு டிசம்பரும் எங்கள் ஆலயத்தில் ஒரே பிரசங்கம்தான். ஆள் மாறும், பிரசங்கம் மாறாது. உலகம் நத்தாரை வியாபாரமாக்கிவிட்டது, கடைகள் பாலன் இயேசுவை ஓரங்கட்டிவிட்டு நத்தார் தாத்தாவை நடுவில் வைத்துவிட்டன, நீங்களாவது பரபரப்பை விட்டுவிட்டு அமைதியாக இருங்கள், கிறிஸ்துவை மையமாக வையுங்கள். நாங்களும் தலையாட்டுவோம். பூசை முடிந்து வாசலுக்கு வந்தால் ஒருவர் கொப்பியும் பேனையுமாக நிற்பார். "புள்ள, இன்னைக்கு சாயங்காலம் கரோல் ப்ராக்டிஸ். நாளைக்கு குடில் வேலை. புதன்கிழமை ஒளி விழா. அம்மாகிட்ட சொல்லு, ஐம்பது பேருக்கு டீயும் பணியாரமும்."

அமைதியாக இருங்கள் என்று உள்ளே சொல்வார்கள். ஐம்பது பேருக்குப் பணியாரம் என்று வெளியே சொல்வார்கள். நடுவில் வெறும் பத்து அடி தூரம்.

இந்தக் கட்டுரை அந்தப் பிரசங்கத்துக்கு ஒரு பதில். நான் கலைப்பீடத்தில் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். ஊர் நாலந்தா. எந்தப் பங்கு, யார் பாதர் என்று சொல்லப் போவதில்லை. சொல்லத் தேவையுமில்லை. இதை வாசிக்கிற நிறையப் பேருக்கு இது தங்கள் பங்கைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று தோன்றும். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: நத்தார் காலத்தில் எங்களுடைய அமைதியைக் களவெடுத்தது கடைக்காரன் இல்லை. எங்கள் ஆலயங்களின் டிசம்பர் நிகழ்ச்சி நிரல்தான். அந்த நிரலின் முழுப் பாரத்தையும் சுமப்பது எங்கள் அம்மாமார்.

2024 டிசம்பர் 24 இரவு நடந்ததைச் சொல்கிறேன். நாலந்தாவிலிருந்து நாங்கள் ஆலயத்துக்கு வர பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் எடுக்கும். இரவுப் பூசைக்கு பஸ் கிடையாது. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வான் பிடித்து வந்தோம். அம்மா அன்று விடிய நாலு மணிக்கு எழும்பியவர். அதற்கு முதல் நாள் ராத்திரி பதினொரு மணி வரை அச்சு முறுக்கு சுட்டவர். அதற்கு முதல் நாள் கரோல் கோஷ்டி எங்கள் வீட்டுக்கு வந்தது, முப்பது பேருக்குச் சாப்பாடு. பூசை தொடங்கியது. நாலு கிழமையாகப் பாடாமல் வைத்திருந்த வானவர் கீதம் பாடினார்கள். மணியெல்லாம் அடித்தது. அந்த மணிச் சத்தத்தில் அம்மா வாங்கில் சாய்ந்தபடி தூங்கிவிட்டார். நற்செய்தி வாசித்தபோதும் தூக்கம். பாலன் பிறந்தார் என்று வாசித்தது அம்மா காதில் விழவே இல்லை.

பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் தட்டி எழுப்பினார். அம்மா பதறிப் போய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தார். சரியாக அந்த நேரத்தில் பிரசங்கம் மார்த்தாவிடம் வந்திருந்தது. நீங்கள் மார்த்தாவாக இருக்காதீர்கள், மரியாவாக இருங்கள். அம்மா தலையைக் குனிந்தார். வெட்கப்பட்டார். எனக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம்.

லூக்கா நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் வருகிற கதை அது. இயேசு ஒரு வீட்டுக்கு வருகிறார். அக்கா மார்த்தா அடுப்படியில் ஓடி ஓடி வேலை செய்கிறாள், தங்கை மரியா அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். உதவிக்கு வரச் சொல்லுங்கள் என்று மார்த்தா முறையிடுகிறாள். நீ பலவற்றைப் பற்றிக் கவலைப்படுகிறாய், தேவையானது ஒன்றே என்கிறார் இயேசு. இந்தக் கதையை எங்கள் பெண்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். இயேசு மார்த்தாவைத் திட்டவில்லை. அவள் பெயரை இரண்டு தரம் சொல்லி, ஒரு பிள்ளையைக் கூப்பிடுவது மாதிரிக் கூப்பிடுகிறார். அதைவிட முக்கியம், அவர் அவளிடம் விருந்து கேட்கவே இல்லை. அவர் கொப்பியோடு வாசலில் நிற்கவில்லை.

எங்களிடம் நடப்பது என்ன? முதலில் மார்த்தாவிடம் ஓர்டர் கொடுக்கிறோம். அவள் செய்கிறாள். நாங்கள் சாப்பிடுகிறோம். பிறகு மேடையேறி, ஏன் இப்படி அடுப்படியிலேயே கிடக்கிறாய், அமைதியாக உட்காரக் கூடாதா என்று அவளையே கேட்கிறோம். இது ஆன்மீகமா? எனக்குத் தெரிந்த தமிழில் இதற்கு வேறு பெயர்.

சரி, கணக்குப் பார்ப்போம். அந்த வருஷம் டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து 24 வரை எங்கள் குடும்பத்தை இழுத்த ஆலய நிகழ்ச்சிகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். கரோல் ப்ராக்டிஸ், கரோல் பவனி, குடில் போட்டி, மறைக்கல்விப் பிள்ளைகளின் ஒளி விழா, இளையோர் ஒளி விழா, அன்பியக் கூட்டம், பரிசுச் சீட்டிழுப்பு, சிரமதானம், அலங்காரம். மொத்தம் 17 நாள். 24 நாளில் 17. மிச்சம் ஏழு நாளில் அம்மா வேலைக்கும் போகணும், வீட்டுக்குச் சுண்ணாம்பும் அடிக்கணும், தம்பிக்கு உடுப்பும் எடுக்கணும், கேக்கும் அடிக்கணும், அதற்குப் பிறகு கிறிஸ்துவை மையத்திலும் வைக்கணும். அந்த ஏழு நாளில் எந்த நாளில் அமைதியாக இருக்கலாம் என்று பாதர் ஒரு நேரம் குறித்துத் தந்தால் நல்லம்.

ஒளி விழாவைப் பற்றி இரண்டு வார்த்தை. இலங்கையில் பள்ளிக்கூடம், முன்பள்ளி, அலுவலகம் என்று எல்லா இடத்திலும் டிசம்பரில் ஒளி விழா நடக்கும். கெட்ட விஷயம் இல்லை. சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சேர்ந்து இடையர் வேஷம் போடுவது எங்கள் மாவட்டத்தில் மட்டும் பார்க்கக்கூடிய அழகு என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். ஆனால் நடப்பதைப் பாருங்கள். மூன்று மணிக்கு நிகழ்ச்சி. பிரதம விருந்தினர் வருவது நாலரைக்கு. அதுவரை சம்மனசு வேஷம் போட்ட பிள்ளைகள் பசியோடு வெயிலில் வரிசையாக நிற்கும். இறக்கை சரிந்துவிடும். மை கரையும். பிறகு மாலை, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை. பாலனுக்குக் கிடைப்பது பத்து நிமிஷம். பிரதம விருந்தினருக்கு ஒன்றரை மணித்தியாலம். யார் அங்கே மையம்? இதைக் கடைக்காரனா செய்தான்?

கரோலையும் எடுங்கள். உலகத்தில் அதிகம் பாடப்படுகிற நத்தார் பாட்டுகளில் ஒன்று 'சைலண்ட் நைட்'. 1818 டிசம்பர் 24 அன்று ஒஸ்திரியாவில் ஓபர்ன்டோர்ஃப் என்ற சிறிய ஊரின் ஆலயத்தில் முதன்முதலாகப் பாடப்பட்டது. ஜோசப் மோர் என்ற உதவிக் குருவானவர் எழுதினார், ஃப்ரான்ஸ் க்ரூபர் என்ற பள்ளிக்கூட வாத்தியார் மெட்டுப் போட்டார். இரண்டு பேர், ஒரு கிட்டார், அவ்வளவுதான். நெப்போலியன் யுத்தங்களில் நொந்துபோன சனங்கள் கேட்ட பாட்டு அது. அந்த அமைதிப் பாட்டை நாங்கள் எப்படிப் பாடுகிறோம்? லொறியில் நாலு பாக்ஸ் ஏற்றி, ஜெனரேட்டர் போட்டு, அதன் சத்தத்துக்கு மேலே கத்திப் பாடுகிறோம். ராத்திரி பதினொன்றரைக்கு, நாளைக்குக் காலையில் கொழுந்தெடுக்கவோ மிளகு பறிக்கவோ போகவேண்டிய வீட்டுக் கதவைத் தட்டி, அமைதியான இரவு என்று பாடுகிறோம். பாடிவிட்டு உண்டியலை நீட்டுகிறோம்.

குடில் போட்டியும் அதே கதைதான். அசிசியின் பிரான்சிஸ் 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற இடத்தில் பாலன் பிறந்த காட்சியை அமைத்தார். குடில் வைக்கும் வழக்கம் அதிலிருந்துதான் பரவியது என்று சொல்வார்கள். அவர் வைத்தது என்ன? ஒரு தீவனத்தொட்டி, கொஞ்சம் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. கடவுள் எவ்வளவு ஏழையாக வந்தார் என்று சனங்கள் கண்ணால் பார்க்கட்டும் என்பதற்காக வைத்தார். இப்போது எங்கள் குடிலில் நீர்வீழ்ச்சி ஓடுகிறது, ரயில் ஓடுகிறது, மூன்று கலரில் லைட் மின்னுகிறது. முதலாம் பரிசு எந்த அன்பியத்துக்கு என்பதில் ஜனவரி வரை சண்டை. ஏழ்மையைக் காட்டப் பிறந்த ஒன்றில் யார் பணக்காரன் என்று போட்டி வைத்திருக்கிறோம்.

இப்போது கடைக்காரனுக்கு வருவோம். மாத்தளை டவுனில் நாங்கள் உடுப்பெடுக்கிற கடை முதலாளி ஒரு முஸ்லிம் நானா. டிசம்பர் வந்தால் கடை வாசலில் ஸ்டார் தொங்கவிடுவார். தைப்பொங்கலுக்கு கரும்புப் படம், சித்திரை வருஷத்துக்கு வேறு அலங்காரம். அவர் வியாபாரி, அது அவர் தொழில். அவர் எங்களிடம் திருவருகைக்காலம் அனுசரிப்பதாக வாக்குக் கொடுக்கவில்லை. ஐந்து மணிக்கு உள்ளே போனால் ஐந்தரைக்கு விட்டுவிடுவார். ஆலயம்தான் ஐந்து மணிக்குப் பிடித்தால் பத்து மணி வரை விடாது. அவரைக் குற்றம் சொல்வது சுகம், ஏனென்றால் அவர் பூசைக்கு வந்து பதில் சொல்லப் போவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அமைதிக்கான ஏற்பாடு எங்கள் திருச்சபையின் நாட்காட்டியிலேயே இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நத்தாருக்கு முன்னால் நாலு ஞாயிறு திருவருகைக்காலம். பீடத்தில் ஊதாத் துணி. வானவர் கீதம் கிடையாது. ஒரு வளையத்தில் நாலு மெழுகுதிரி, கிழமைக்கு ஒன்றாகக் கொளுத்த வேண்டும். ஒரே நாளில் நாலையும் கொளுத்த முடியாது, அதுதான் அதன் அர்த்தமே. காத்திரு என்று சொல்கிற காலம் அது. பழைய காலத்தில் இது நோன்புக்காலமாகவும் இருந்தது. ஆறாம் நூற்றாண்டிலேயே இன்றைய பிரான்சுப் பகுதியில் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளிலிருந்து நத்தார் வரை கிழமைக்கு மூன்று நாள் நோன்பிருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்திலே கேரளாவில் தோமா கிறிஸ்தவர்கள் டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து இருபத்தைந்து நாள் நோன்பு பிடிப்பது இன்றைக்கும் உண்டு.

கொண்டாட்டத்துக்கும் நாட்காட்டி இடம் ஒதுக்கியிருக்கிறது. நத்தார் என்பது ஒரு நாள் இல்லை, ஒரு காலம். டிசம்பர் 25இல் தொடங்கி ஜனவரி 6 திருக்காட்சி விழா வரை பன்னிரண்டு நாள் என்பது பழைய கணக்கு. அதாவது முதலில் நாலு கிழமை அமைதி, பிறகு பன்னிரண்டு நாள் கொண்டாட்டம்.

நாங்கள் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டோம். காத்திருக்க வேண்டிய நாலு கிழமையும் ஆட்டம், பாட்டு, சாப்பாடு. கொண்டாட வேண்டிய பன்னிரண்டு நாளும் அலுப்பு, கடன், காய்ச்சல். 25ஆம் திகதி மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் எங்களுக்கு நத்தார் முடிந்துவிட்டது. 27ஆம் திகதி ஆலயத்துக்குப் போய்ப் பாருங்கள், குடிலில் பாலன் தனியாகப் படுத்திருப்பார். பிறக்கும் வரைதான் அவருக்கு மவுசு.

கொண்டாட்டத்துக்கே நான் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். 1659இல் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸில் இருந்த தூய்மைவாதிகள் நத்தார் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் தண்டம் என்று சட்டம் போட்டார்கள். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. அப்படி ஒரு வேலையை நான் கேட்கவில்லை. எனக்கும் கரோல் பிடிக்கும். கஜு போட்ட ரிச் கேக் அதைவிடப் பிடிக்கும். நேரம் மாறட்டும், அளவு குறையட்டும், பாரம் பகிரப்படட்டும் என்றுதான் கேட்கிறேன்.

நிகழ்ச்சி இல்லாமல் விசுவாசம் அழிந்துவிடும் என்று சொல்கிற பெரியவர்களுக்கு எங்கள் கண்டி மறைமாவட்டத்து மண்ணிலேயே பதில் இருக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து ஒரு குருவானவர் ஏழைக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். ஜோசப் வாஸ். 1692இல் கண்டிக்கு வந்தபோது உளவாளி என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். சிறைக்குள்ளேயே ஒரு சின்னக் கொட்டில் கட்டி அதைக் கோயிலாக்கிக்கொண்டார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரிடம் பாக்ஸும் இல்லை, பிரதம விருந்தினரும் இல்லை. இந்த நாட்டில் கத்தோலிக்கம் செத்துப்போகவில்லை.

அப்படியானால் கிறிஸ்துவை மையமாக வைப்பது என்றால் என்ன? கண்ணை மூடி உட்கார்ந்து நல்லதை நினைப்பதா? அதற்கு நேரம் இருக்கிறவர்களுக்கு அது சரி. எங்கள் சனங்களுக்கு அந்த அர்த்தம் போதாது.

லூக்கா சொல்கிற முதல் நத்தாரைக் கொஞ்சம் பாருங்கள். ரோமைச் சக்கரவர்த்தி அகுஸ்து பதிவு எடுக்கச் சொல்கிறான். அதற்காக ஒரு கர்ப்பிணிப் பெண் ஊர்விட்டு ஊர் நடக்கிறாள். விடுதியில் இடமில்லை. நாலந்தாவில் பிறந்த எனக்கு இதை விளக்க ஆள் தேவையில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தால் போகிற ஏ9 பாதை வெறும் பஸ் ஓடுகிற பாதை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் மூதாதையர் காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தா தாண்டி மாத்தளைக்கு வந்த வழி. கொலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கல்லறை கூட இல்லை. வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. பதிவு, பத்திரம், இடமில்லை என்ற பதில் எல்லாம் எங்கள் குடும்பக் கதைதான். அப்பாயி கடைசி வரை ஒரு பழைய ட்ரங்குப் பெட்டியில் அந்தக் கடதாசிகளைப் பூட்டி வைத்திருந்தார்.

இன்னொன்று. பாலன் பிறந்த செய்தியை முதலில் கேட்டவர்கள் யார்? ராத்திரி வேலையில் இருந்த இடையர்கள். ஆடுகளுக்குக் காவல் இருந்தவர்கள். வேலையை விட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்ததால் அவர்களுக்குச் சம்மனசு தோன்றவில்லை. அவர்கள் வேலை செய்த இடத்துக்கே சம்மனசு போனது. அதனால்தான் சொல்கிறேன், வேலை வேறு, பரபரப்பு வேறு. வயிற்றுப் பாட்டுக்காகச் செய்கிற வேலைக்குள் கிறிஸ்து வருவார். பார்க்கிறவர்கள் மெச்ச வேண்டும் என்று செய்கிற வேலைதான் அவரை வெளியே நிறுத்துகிறது. எங்கள் அம்மாமாரின் கையில் முதலாவது வேலையோடு இரண்டாவதையும் கொண்டுபோய் ஏற்றுகிறவர்கள் நாங்கள்.

மெதுவாக நடந்தால் என்ன கிடைக்கும் என்பதை நான் அதே பாதையில் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். 2023இல் மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, கிறிஸ்தவ அமைப்புகளும் சேர்ந்து ஒழுங்கு செய்த நடைபவனி தலைமன்னாரில் ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. பதினாறு நாள். பஸ்ஸில் ஒரு நாளில் போய்விடலாம். ஆனால் நடந்தார்கள். வழியில் நின்றார்கள், இறந்தவர்களை நினைத்தார்கள், பள்ளிவாசல்காரரும் பன்சலைக்காரரும் கொடுத்த தண்ணீரைக் குடித்தார்கள். பாதையோரம் நின்று பார்த்த எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை, பிறகுதான் தோன்றியது: திருவருகைக்காலம் என்றால் இதுதான். சேரவேண்டிய இடம் தெரியும், ஆனாலும் அவசரப்படாமல் நடப்பது.

இனி போன வருஷத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 28 டித்வா சூறாவளி நாட்டுக்குள் நுழைந்தது. அறுநூறுக்கும் அதிகமான உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களோடு எங்கள் மாத்தளை மாவட்டமும் மண்சரிவில் அடிபட்டது. கரண்ட் இல்லை, பாதை இல்லை, போன் இல்லை. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 30, திருவருகைக்காலத்தின் முதலாம் ஞாயிறு. கொப்பியோடு யாரும் நிற்கவில்லை. நிற்க யாருக்கும் மனசு வரவில்லை.

எங்கள் பங்கில் கரோல் பவனி நின்றது. குடில் போட்டி நின்றது. ஒளி விழாவுக்குச் சேர்த்த காசில் அரிசியும் பருப்பும் பாயும் வாங்கிக் கொடுத்தோம். தம்பியும் அவன் கூட்டாளிகளும் ஜெனரேட்டரைக் கரோலுக்குத் தூக்கவில்லை, மண் வாரிய வீடுகளுக்கு லைட் போடத் தூக்கினார்கள். வாழ்க்கையில் முதல் தரம் பொடியன்மார் ஆலய அடுப்படியில் பெரிய சட்டி கழுவினார்கள். எட்டுப் பேர், இரண்டு மணித்தியாலம். "அக்கா, இதையா அம்மா ஒவ்வொரு வருஷமும் தனியா செய்றாங்க?" என்று தம்பி கேட்டான். ஆமாடா, இதைத்தான்.

24 இரவு நாங்கள் வான் பிடிக்கவில்லை. பாதர் பகலில் எங்கள் பக்கம் வந்து ஒரு வீட்டு முற்றத்தில் பூசை வைத்தார். முப்பது பேர் இருந்திருப்போம். பாடகர் குழு இல்லை, தெரிந்த பாட்டை எல்லாரும் பாடினோம். சுருதி சேரவில்லை, யாரும் கவலைப்படவுமில்லை. ராத்திரி வீட்டில் கரண்ட் போய்ப் போய் வந்தது. பணியாரம் இல்லை, கடையில் வாங்கிய ஒரு பட்டர் கேக். மெழுகுதிரி கொளுத்தினோம். அம்மா பைபிளை எடுத்து லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசித்தார். அம்மா சத்தம் போட்டு வாசித்து நான் கேட்டது அதுதான் முதல் தரம். விடுதியில் இடமில்லை என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். மேலே இருந்த லயத்தில் மண் விழுந்து, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குடும்பங்களை நினைத்திருப்பார். அப்பாதான் மிச்சத்தை வாசித்து முடித்தார்.

அம்மா அன்றைக்குத் தூங்கவில்லை.

ஒரு சூறாவளி வந்து அறுநூறு பேரைக் கொண்டுபோனால்தான் எங்களுக்கு ஒரு அமைதியான நத்தார் கிடைக்கும் என்றால், அது எங்களுக்குப் பெரிய வெட்கக்கேடு. இப்போது 2026. திருவருகைக்காலம் தொடங்க இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. போன ஞாயிறு வாசலில் கொப்பி மறுபடி வந்துவிட்டது. போன வருஷம் நடக்காததால் இந்த வருஷம் பெரிசா செய்யணுமாம்.

இதைச் சொன்னபோது எனக்கு வந்த பதில்கள் மூன்று. முதலாவது, இளைஞர்களுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் கரோல்தானே. சரி, அந்தச் சந்தோஷத்தை டிசம்பர் 26இலிருந்து ஜனவரி 6 வரை வையுங்கள். பாடுகிற பாட்டில் பாலன் பிறந்துவிட்டார் என்றுதானே வருகிறது, பிறந்த பிறகே பாடுவோம். இரண்டாவது, கரோலில் சேர்கிற காசுதானே ஏழைகளுக்குப் போகிறது. கணக்கைக் காட்டுங்கள். பாக்ஸ் வாடகை, டீசல், டீ-ஷர்ட், சாப்பாடு எல்லாம் கழித்து ஏழைக்கு எவ்வளவு போனது என்று அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள், பிறகு பேசுவோம். மூன்றாவது பதில்தான் எனக்குக் கஷ்டம், அது அம்மாமாரிடமிருந்தே வந்தது. "நாங்க செய்யாட்டி யாரு செய்வா? நாலு பேரு என்னா சொல்லுவாங்க?" அந்த நாலு பேர் வேறு யாருமில்லை, நாங்கள்தான் என்று அவர்களிடம் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. பணியாரம் இல்லாத வீட்டுக்குப் போய், சந்தோஷமாக வெறும் பிளேன்டீ குடித்துக் காட்ட வேண்டியதும் எங்கள் கடமை.

எங்கள் பங்குப் பேரவையிடம் நான் எழுத்தில் கொடுத்திருப்பது இவைதான். திருவருகைக்காலத்தில் கிழமைக்கு ஒரு நிகழ்ச்சிக்கு மேல் வேண்டாம். கரோல் 25க்குப் பிறகு, இரவு எட்டு மணிக்குள், பாக்ஸ் இல்லாமல், எந்த வீட்டிலும் சாப்பாடு கேட்காமல். குடில் வைப்போம், போட்டி வேண்டாம். ஒளி விழாவுக்குப் பிரதம விருந்தினர் வேண்டாம், கட்டாயம் யாராவது வேண்டுமென்றால் அந்த வருஷம் பங்கில் பிறந்த குழந்தையையும் அதன் தாயையும் மேடையில் இருத்துங்கள். ஆலய அடுப்படி வேலைக்கு ஆண்களின் பெயரும் பட்டியலில் வரட்டும். 24 இரவுப் பூசைக்குத் தூரத்திலிருந்து வருகிற குடும்பங்களுக்கு, போன வருஷம் மாதிரி, அவர்கள் ஊரிலேயே பூசை வைக்க முடியுமா என்று பாருங்கள்.

இதில் ஒன்றுக்குக் கூடப் பணம் தேவையில்லை. எல்லாமே எதையாவது விடுவதுதான்.

பேரவையில் இருக்கிற ஐயாமாருக்கும் பாதருக்கும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இந்த டிசம்பரும் நீங்கள் அமைதியைப் பற்றிப் பிரசங்கம் வைப்பீர்கள். வையுங்கள், கேட்கிறோம். ஆனால் மார்த்தாவின் பெயரை எடுப்பதற்கு முன்னால் வாசலில் நிற்கிற அந்தக் கொப்பியை ஒரு தரம் வாங்கிப் பாருங்கள். அதில் யார் யார் பெயருக்கு நேரே எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் அம்மா பெயரும் இருக்கும்.

அந்தப் பெயரை வெட்டிவிடுங்கள். இந்த வருஷமும் அவர் நற்செய்தி வாசிக்கும்போது முழித்திருக்கட்டும்.